பெயர் நிலையத்துக்குச் சொந்தம்

டெட்ராய்ட்டுக்கு ஒரே ரெக்ஸ் ஹாலோரன்தான்.
எங்களுக்கு மூன்று.

முதல் ரெக்ஸ் டொலீடோவிலிருந்து வந்தான்,
பன்றி விலையும் சோயா விலையும் வாசித்த வாயோடு.
வீட்டுப் பெயர் ஸ்டானிஸ்வாஃப் குபியாக்.
அதை வாயில் போட்டு மெல்ல
காலை வேளையில் யாருக்குப் பொறுமை என்று
முதலாளி புதுப்பெயர் கொடுத்தார்.
ஒப்பந்தத்தின் பதினோராம் வரி:
பெயர் நிலையத்துக்குச் சொந்தம்.
கையெழுத்துப் போட்டுவிட்டுக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்து
"இருமலாவது என்னுடையதா, கேட்டுச் சொல்" என்றான்.

நான் வெர்னா டைக்ஸ்ட்ரா.
பொத்தான், நாடா, பிளேடு, ஆறிய காபி.
பத்தொன்பது வருஷம் அந்த அலைவரிசையில் இருந்தேன்,
ஒரு சொல்கூடப் பேசாமல்.

வாயை விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள்.
ஓடெல் க்ரட்ச்ஃபீல்ட், நள்ளிரவுக்காரன்,
பனிக்கால இரவுகளில் அவன் குரல் ஏரியைத் தாண்டி
எங்கோ ஒன்டாரியோவில்
பால் கறக்கிறவன் காதுவரை போகும்.
ஃபிலடெல்ஃபியா கூப்பிட்டது. சம்பளம் இரண்டு மடங்கு.
போனான்.
பதினான்கே மாதத்தில் அந்த நிலையம்
கௌபாய் பாட்டுக்கு மாறியது.
பிறகு செயின்ட் லூயிஸ், பிறகு டேட்டன்.
ஊருக்கு ஒரு அஞ்சலட்டை வரும்,
அந்த ஊர்க் கோபுரத்தின் உயரம் மட்டும் எழுதியிருக்கும்.
கடைசி அட்டையில் உயரம் இல்லை.
கார் விற்கிறானாம். நன்றாகவே விற்கிறதாம்.

மார்கரீட் ஃபாண்டனோவுக்கு
நாளுக்கு ஐந்து நிமிடம், ஆப்பிள் பை செய்முறை.
பனிப்புயலில் செய்தி வாசிப்பவன் வராத ஒரு காலை
மூடிய பள்ளிகளின் பட்டியலை அவளிடம் நீட்டினேன்.
இருநூற்றுப் பதினேழு பள்ளிகள்.
ஒவ்வொரு பெயரையும்
அந்தப் பிள்ளைகளுக்கே பரிசு கொடுப்பதுபோல் வாசித்தாள்.
அடுத்த மாதம் கிளீவ்லாந்து அவளைத் தூக்கிக்கொண்டது.
எங்கள் முதலாளி
பை செய்முறைக்கு வேறு யார் கிடைப்பார்கள் என்றுதான் கேட்டார்.

நிலையத்தில் ஒரு விதி உண்டு:
போகிறவன் கையில் மைக்கைக் கொடுக்காதே.
வெள்ளி மாலை உள்ளே கூப்பிடுவார்கள்.
திங்கள் காலை வேறு குரல், அதே பெயர்.
ஊரைப் பொறுத்தவரை
யாரும் சாகவில்லை, யாரும் போகவில்லை.

குபியாக் மட்டும் ஒரு நாள் முன்னதாகவே மோப்பம் பிடித்தான்.
வியாழன். கோப்பையைக் கழுவி வைத்திருந்தான்,
அதுவரை அதைக் கழுவியதே இல்லை.
போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.
நேரம் மட்டும் சொன்னான்.
மணி எட்டு ஐம்பத்தொன்று.
மணி எட்டு ஐம்பத்திரண்டு.
நிமிடத்துக்கு ஒருமுறை, பாட்டின் மேலேயே,
மேஜையில் சில்லறை எண்ணி வைக்கிற மாதிரி.
மைக்கை அடைக்கும் பொத்தான் என் விரலடியில்.
தொலைபேசி அலறியது. மாடியிலிருந்து.
நான் எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை.
ஒன்பது, என்றான்.
மோதிரத்தால் மேஜையை ஒருமுறை தட்டினான்.

இரண்டாம் ரெக்ஸ் எட்டு மாதம்.
தொப்பி ஒன்று நினைவிருக்கிறது, முகம் இல்லை.

மூன்றாமவனுக்கு இருபத்து நான்கு வயது, பஃபலோ.
முதல் ரெக்ஸின் சிரிப்பு வேண்டும் என்றார்கள்.
நான்தான் பழைய நாடாக்களிலிருந்து
பதினாறு சிரிப்பை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன்.
தாழ்வாரத்தில் நடந்து நடந்து பழகினான்.
ஊர் ஏமாந்தது.
சரியாகச் சொன்னால், ஏமாறச் சம்மதித்தது.

போன வாரம் கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன்.
"உங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள்."
குபியாக்.
பெயர் சொல்லவில்லை. சொல்ல ஏது பெயர்.
எட்டு பேர், என்றான்.
ஏழு.
மூச்சு வாங்கும் இடங்களில் ஒரு இருமல்கூட இல்லை,
யாரோ வெட்டியிருக்கிறார்கள்,
நல்ல கைதான்.

கடைசியில் ஒரு பெண் எடுத்து என்ன குறை என்றாள்.
பில் சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.
மறுபடி வரிசையில் போட முடியுமா என்று கேட்டேன்.