அரைப்பேர்

தலவாக்கலையில், போன் திருத்தும் கடைக்கு மேலே
ஓர் அறை. வாடகையில் பாதி நிலந்தி கட்டுகிறாள்.
முன்பு இருந்தவர் யாரோ சுவரில் எழுதிய உயரம்:
ஆயிரத்து இருநூறு மீற்றர்.
திரையின் மூலையிலும் அதே எண்,
முன்னால் ஒரு கழித்தல் குறியோடு.

திருகோணமலைக்கு வெளியே
கடலடிப் பள்ளத்தாக்கில் இறங்கிய கமரா
ஒன்பது நாள் படமெடுத்தது.
அதைப் பார்த்து எண்ணுவது என் வேலை.
கடலை நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்,
இரண்டு தரமும் பஸ் ஜன்னலால்.

சேற்றின் மேல் இரண்டு சிவப்புப் புள்ளிகள்,
இடையே பத்துச் சென்ரிமீற்றர். அதுதான் அளவுகோல்.
கடலிறகு முப்பத்தொன்று.
நொறுங்கு நட்சத்திரம் எண்ணி மாளாது,
நூற்றுக்கு மேல் என்று போடு என்றாள் நிலந்தி.
கடலட்டை ஆறு.

அட்டை என்று எழுதும்போது
கணுக்கால் ஒருமுறை கூசுகிறது.
ஆனால் இது இரத்தம் கேட்பதில்லை.
சேற்றைத் தின்று சேற்றையே பின்னால் வைத்து
மணித்தியாலத்துக்கு ஒரு முழம் போகிறது.
அவசரப்படுத்த அங்கே கங்காணி இல்லை.

வெளிச்சத்தில் வெள்ளைத் துகள்
விழுந்துகொண்டே இருக்கிறது.
மேலே செத்ததெல்லாம் கீழே சாப்பாடு,
கடற்பனி என்று அதற்குச் சொல்கிறார்கள்.
என் ஜன்னலுக்கு வெளியேயும் பனிதான்.
அது யாருக்கும் சோறு போட்டதில்லை.

இனம் தெரிந்தால் இனம் போடு,
தெரியாவிட்டால் பெயரற்றது, பக்கத்தில் ஓர் இலக்கம்.
பெயரற்றது பதினான்கு:
கண்ணாடிப் பை, உள்ளே ஒரு செம்மஞ்சள் நூல்.
ஒருமுறை சுருங்கியது. நான்கு செக்கன். அவ்வளவுதான்.
படத்தை அம்மாவுக்குக் காட்டினேன்.
"இதுக்குப் பேர் விழலியா?" என்றாள்.

பேர் விழுவதென்றால் எங்களிடம் நாள் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் பேர்.
பதினேழே முக்கால் என்றால் அரைப்பேர்,
அதிலும் மழைத்தண்ணிக்கென்று கழிவு.
"அரைப்பேராவது போட்டுவிடு பாவம்" என்றாள்,
விரல் பிளவில் கறை போகத் தேய்த்துக்கொண்டே.

ஆறாம் நாள் ஒளிப்பதிவு, நாற்பத்தோராம் நிமிடம்
சரிவு அசைந்தது.
சத்தமில்லை. சத்தம் பிடிக்கும் கருவி அதில் இல்லை.
திரை பழுப்பானது.
பத்துச் செக்கனுக்கு ஒரு தரம்
காட்சி இல்லை என்று எழுத வேண்டும் என்பது விதி.
அறுபத்தாறு தரம் எழுதினேன்.
முப்பதாவதோ என்னவோ எழுதும்போது
தயாபரனின் செய்தி வந்தது:
லயத்துக்கு மேலே நிலம் வெடிச்சிருக்கு.
எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க.
அம்மா கோழி பிடிக்கிறாங்க.

சேறு அமர்ந்தபோது கடலிறகு நான்கு.
நடுவே புதிதாக ஒரு கட்டை,
கை நீளம், முடிச்சு முடிச்சாக,
தலைப்பில் சாய்வாக ஒரே வெட்டு.
கவ்வாத்துக் கத்தியைத் தெரியாதவர்களுக்கு
அது வெறும் மரத்துண்டு.
எந்த மலையில் வெட்டுப்பட்டு, எந்தக் கானில் விழுந்து,
கொத்மலை ஓயாவில் உருண்டு,
எத்தனை அணை தாண்டி, அல்லது
அணைகள் எழும்பும் முன்பே இறங்கி,
மகாவலி முடிகிற இடத்துக்கும் அப்பால்.
அதன்மேல் ஏற்கெனவே ஏறி நின்றது
நண்டுபோல் ஒன்று, வெள்ளை, என் நகமளவு.

"நிச்சயமா தேயிலையா?" நிலந்தி போனில் கேட்டாள்.
"ஆதாரம்?"
வெட்டு என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"குறிப்பில் போடு. அட்டவணையில் வேண்டாம்."

வதிவிடம் என்ற பெட்டியில்
சேறு, பாறை, சரளை, மற்றவை.
ஒன்றைத்தான் தெரியலாம்.
மீண்டும் போன். இப்போது அம்மா.
பள்ளிக்கூடத்தில் படிவம் கொடுத்திருக்கிறார்கள்,
"வதிவிடம்னு கேட்டிருக்கு, என்னாத்த எழுத?"

மற்றவையை அழுத்தினேன்.
வெள்ளைப் பிராணி: பெயரற்றது பதினைந்து.
கோழி அகப்பட்டதா என்று கேட்டேன்.
மூன்று அகப்பட்டதாம்.
சேவல் இன்னும் கூரையில்.