பத்தொன்பது

வெலிங்டனில் மூன்று டாக்டர்கள் கூடி
என் இடது காதை அளந்தார்கள்.
பத்தொன்பது சதவீதம் போய்விட்டதாம்.
இருபது போயிருந்தால் ஊனப் பென்ஷன்.

எந்தத் தேதியில் போனது? என்றார் மேஜர்.
வருஷத்தில் இரண்டு மாசம் டெரிடோரியல் ஆர்மி,
மிச்சம் பத்தும் கேத்தியில் கேரட்.
மார்ட்டர் சார், என்றேன்.
கேரட் கழுவுகிற மெஷினும் இரைச்சல்தானே,
எழுதிக்கொண்டே கேட்டார்.
அந்த இரைச்சல் என்னை உறுத்தாது,
அதனால்தான் அங்கே வேலையே கிடைத்தது.
சொல்ல வாய் வரவில்லை.

யூனிஃபார்மைப் பெட்டியில் மடித்து வைத்த மாதங்களில்
காதைக் கழற்றி
அதன்மேல் வைக்கவில்லையே நான்.

மாதி இப்போது என் வலப்பக்கமாகவே நடக்கிறாள்.
சண்டை என்றால் மட்டும்
இடப்பக்கம் வந்து முணுமுணுப்பாள்.

நேற்று ராத்திரி வலது காது தலையணையில்.
காட்டெருமைகள் இறங்கியிருக்கின்றன.
பக்கத்துத் தோட்டத்து ஆலன் தகரம் தட்டினானாம்,
நாய் தொண்டை கிழியக் குரைத்ததாம்.
விடிந்து பார்த்தால்
நாலு பாத்தி சேறு.

மேல்முறையீட்டுப் படிவம், ஏழாம் கேள்வி:
குறையை முதலில் உணர்ந்த நாள்.

முகாம் நடந்த ஒரு செவ்வாய்க்கிழமை
எனக்கு மனப்பாடம்.
மை வராததுபோல
பேனாவை உதறிக்கொண்டே இருக்கிறேன்.