ஐந்திலொன்று

முப்பத்தோராம் நாள் படையல் வாழையிலை
எடுக்க முன்னமே
ஸ்காபரோவிலிருந்து பெரியண்ணர் கேட்டார்,
கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தோம்:
"உறுதி ஆரிட்ட இருக்கு?"

என்னிடம்தான்.
பிஸ்கட் பெட்டிக்குள்
அம்மாவின் கிளினிக் கொப்பிக்கும்
தம்பியின் ஓலெவல் பெறுபேற்றுக்கும் நடுவில்.

'சுதுமலை வடக்கு, ஈச்சங்காடு என்னும் நிலம்,
பரப்பு இரண்டு, குழி பதினொன்று,
கல்வீடு, வான்பயிர், செய்பயிர்,
கிணற்றில் அரைப்பங்கு, வழிவாய்க்கால்
அடங்கலும்.'
அந்த அடங்கலுக்குள் நான் அடக்கமோ
என்று தேடினேன். கறையான் தின்ற மூலை வரைக்கும்.

வீடு எனக்கென்றுதான் பேச்சு.
அக்காவுக்குத் தோட்டக்காணி எழுதியாயிற்று.
எனக்கெழுத ஒரு மாப்பிள்ளை வேண்டும்.
தொண்ணூற்றைந்தில் ஒரு சாதகம் பொருந்தியது.
நாள் வைக்குமுன்
ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது.
சாதகக்காரரும் நடந்தார்கள்.
நாங்கள் திரும்பி வந்தோம்.

"எழுதாத சீதனம் சீதனமில்லை,
வாய்ச்சொல்லுக்கு முத்திரை ஒட்டேலாது பிள்ளை"
என்றார் நொத்தாரிசு பஞ்சாட்சரம்,
சால்வையால் கண்ணாடியைத் துடைத்தபடி.
பிள்ளைக்கு ஐம்பத்துநாலு வயது.

ஆக ஐந்து பங்கு.
பெரியண்ணருக்கு விற்க வேண்டும்.
பாரிசில் அக்காவுக்கு விற்கக்கூடாது,
மேற்கு அறைக்கு ஏசி பூட்ட வேண்டும்,
பேரப்பிள்ளைகள் வந்தால் வேர்க்கும்.
சின்னண்ணர் மானிப்பாயிலிருந்து வந்து
கூடத்தைக் காலடியால் அளக்கிறார்,
செருப்புக் கழற்றாமல்.
"அம்மாவைப் பாத்த கூலிக்கு
இவ்வளவு காலம் சும்மா இருந்தனிதானே,
வாடகை கேட்டனாங்களே?"
நான் பருப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.
திரும்பவும் போட்டேன்.
எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தாவது தம்பியுடையது.
தொண்ணூற்றாறு ஆடியில்
சவுக்காரம் வாங்க லுமாலாவில் போனவன்.
"அவன்ர மரணச் சான்றிதழை எடுத்தமெண்டா
நாலாப் பிரிக்கலாம். லேசு."
அம்மா உள்ளவரை இந்தப் பேச்சு
படலைக்கு வெளியே நின்றது.
இப்போது உள்ளே வந்து
அவவின் கதிரையில் இருக்கிறது.
தேத்தண்ணி கேட்கிறது.

பிரதேச செயலகத்தில் படிவம் தந்தார்கள்.
கடைசியாகக் கண்டவர்: நான்.
அணிந்திருந்த உடை: நீலக் கோடன் சேட்,
இரண்டாம் பொத்தான் வேறு நிறம், நான் தைத்தது.
மிச்சக் காசைத் தொலைத்தால் வீட்டுக்குள் வராதே
என்று பின்னால் கத்தினேன்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

மூன்று ஒப்பம் வந்துவிட்டது.
இரண்டு, ஸ்கான் செய்து.
நாலாவதை நான் வைக்கவில்லை.

கோயிலில் சொல்கிறார்கள்,
"தம்பியில எவ்வளவு பாசம், பாருங்கோ."
சங்கக்கடையில் சொல்கிறார்கள்,
"கெட்டிக்காரி. காணாமப்போனவனைப் பிடிச்சு
வீட்டை நிப்பாட்டி வச்சிருக்கிறாள்."
ராத்திரியில் இரண்டுமே சரியாய்ப் படுகிறது.
அவன் இல்லையென்று எழுதினால்
நான் எங்கே போவேன்?
இந்த ஒழுங்கில்தான் நினைத்தேன்.
நான் எங்கே போவேன் என்பது முதலில்.
அவன் எங்கே போனான் என்பது
விடியப்புறம், மோட்டர் போடும்போது.

சேர்வேயர் நாடாவோடு வந்தார்.
கிணற்றடியில் ஒரு முளை, குசினி வாசலில் ஒன்று.
ஓட்டைக் கொண்டுபோன ஷெல் விழுந்த அறையை
ஒருவரும் தமக்கென்று கேட்கவில்லை.
அதுதான் அவன் படித்த அறை.
"அதை இப்போதைக்கு விடுவம்" என்று
தாளில் வெள்ளையாய் விட்டார்.

நேற்று பிரதேச சபையில் சோலைவரி கட்டினேன்.
"ஆற்ற பேருக்குத் துண்டு?"
பின்னால் நீள வரிசை, வெயில்,
அந்தப் பெடியன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
அம்மாவின் பெயர் வாய் வரை வந்தது.
சொன்னது வேறு.
எழுதி, கிழித்து, நீட்டினான்:
திரு. சி. ஞானரூபன்.

திரு என்று போட்டிருந்தான்.
பத்தொன்பது வயதில் போனவனை
ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.