சுக்கும் சுளுக்கும்

மார்கழி ஒன்பது. விக்கிரமசிங்கபுரம்.
பொதிகை மலையைக் காணவில்லை.
ராத்திரியே யாரோ சுருட்டி எடுத்துப் போனாற்போல
எதிர்வீட்டு முருங்கை வரைக்குந்தான் உலகம்.

எனக்குத் தொண்டை கட்டி மூணு நாள்.
அவளுக்கு இரண்டு காதிலும் பஞ்சு,
மேலே என் பழைய குரங்குக் குல்லா.
நான் பேசினால் காத்துதான் வருகிறது,
அவளுக்கு அந்தக் காத்தும் கேட்காது.
இந்த லட்சணத்தில்
அடுப்படிக்குள் தலையை நீட்டி
"சுக்கு" என்றேன்.

உலகம்மை அடுப்பை அணைத்தாள்.
"சுளுக்கா? எங்க?"
தலையை நீட்டின வாக்கில் நின்றேனா,
கழுத்து என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.
இல்லை என்று தலையாட்டினேன்.
"ஆட்டாதிய! ஆட்டுனா நரம்பு ஏறிக்கிடும்."

தைலம் வந்தது.
ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்:
சூடாக இருந்தது அவள் உள்ளங்கை.
அந்தச் சூட்டுக்காகக் கொஞ்ச நேரம்
சுளுக்கு உள்ளவனாகவே இருந்துவிட்டேன்.
தப்பு அதுதான்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் செய்தி போய்
ஆவுடைத்தங்கம் வந்தாயிற்று.
இரட்டைப் பிள்ளை பெற்றவள்.
இரட்டை பெற்ற கைக்கு முன்னால் சுளுக்கு நிற்காது என்பது
எங்கள் தெருவில் கரண்ட் பில் மாதிரி,
யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.
பாதிக் கோலத்தில் விட்டுவந்த கை.
விரலெல்லாம் மாவு, ஐஸ் மாதிரிக் குளிர்ச்சி.
"கண்ண மூடுங்க அண்ணாச்சி."
மூடினேன்.
வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் ஒன்று.
சடக்கென்ற சத்தம்
காதில் பஞ்சு வைத்தவளுக்கே கேட்டது.
"ஆங், எடுத்தாச்சு."

எடுக்கவில்லை, தாயே. வைத்துவிட்டாய்.

அன்றைக்கு முழுக்க இடது தோளைப் பார்த்தபடியே நடந்தேன்.
மில்லு வாசலில் எல்லாரும் "யாரத் தேடுதிய?" என்றார்கள்.
இடப்பக்கத்து டீக்கடைக்காரன் மட்டும்
நான் ரொம்ப மரியாதை தெரிந்த ஆள் என்று நினைத்திருப்பான்.

ராத்திரி.
இருபத்தாறு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுக்கிறவன் நான்.
கழுத்து மறுத்துவிட்டது; அவள் பக்கமே நின்றது.
மேலே ஃபேன் மூணில் ஓடுகிறது.
போர்வைக்குள் ஒரு மூட்டை நடுங்குகிறது.
குல்லா ஓட்டைக்குள் இரண்டு கண்ணும் முழிப்பு.

"குளிருதா?" கத்தினேன், பாதி காத்து.
பஞ்சை எடுத்தாள்.
"பின்ன? மார்கழியில ஃபேன் போட்டா?"
"பெறவு ஏன் தினம் போடுத?"
"உங்களுக்குத்தான். மில்லு இரைச்சல்லயே கெடக்குத மனுசன்,
சத்தம் இல்லாட்டி உறக்கம் வராதுல்லா."

நானோ,
ஆறுமுகநேரி உப்பள வெக்கையில் பிறந்தவள்,
காத்து நின்றால் மூச்சு முட்டும் என்று
இருபத்தாறு மார்கழியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

கணக்குப் போட்டோம்.
கரண்டுக்குக் கட்டின காசில் ஒரு ஜோடிக் கம்மல் வந்திருக்கும்.
யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல்
இரண்டு பேரும் ஃபேனை முறைத்தோம்.
எழுந்து அணைத்தேன்.

ஐந்து நிமிஷம் சொர்க்கம்.
அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கிற்று.
ஓட்டுப் பனி வாளியில் சொட்டுவது,
அடுத்த வீட்டு இரட்டையரில் எவனோ ஒருவன் இருமுவது,
கடைசியில் அவள் குறட்டை.
இவள் குறட்டை விடுவாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.
தோளைத் தட்டிச் சொன்னால்,
"உங்களுதுதான் கேக்குது, வயல்ல மோட்டார் போட்டாப்ல."
எழுந்து போய் ஒன்றில் வைத்துவிட்டு வந்தாள்.
என் போர்வைமேல் அவள் போர்வை.

விடியக்காலம் சுவருக்கு மேலே ஆவுடைத்தங்கத்தின் தலை.
"அண்ணாச்சி, கழுத்து எப்படி?"
மிச்சத் தொண்டையைத் திரட்டி
"தேவல" என்றேன்.
"தேவையா? இந்தா வாரேன்!"

கேட் கொண்டி திறக்கிற சத்தம்.
உலகம்மை! ஏ உலகம்மை!
அடுப்படியில் அவள்
இரண்டு காதிலும் பஞ்சோடு
சுக்கு தட்டிக்கொண்டிருக்கிறாள்.