இருநூற்றுப் பதினேழாம் பக்கம்

நந்தனம் மைதானம், கடைசி நாள்.
பத்து சதவீதம் கழித்து
ஆயிரத்து முந்நூற்று ஐந்து ரூபாய்.
மனசுக்குள் கேஸ் விலையால் வகுத்தேன்:
ஒன்றரை சிலிண்டர்.
பில் போட்ட பையன் கேட்டான்,
"வீட்ல யாராச்சும் சினிமாவுல இருக்காங்களா மேடம்?"
இல்லை தம்பி.
அயனாவரம் டிப்போவில் டீசல் கணக்கு நான்.

'உப்புக்காவல்: முழுமைக் கையேடு.'
ஐந்து படத்துக்கு அறுநூற்று நாற்பது பக்கம்.
சுங்க அதிகாரி சேந்தன்
எந்தப் பாகத்தில் எத்தனை சிகரெட் அணைத்தான்,
கன்னத்துத் தழும்பு எந்தக் காட்சியில்
வலமிருந்து இடத்துக்குக் குடிபோனது,
காசிமேட்டுக் கடத்தல் படகின் பதிவெண்,
வில்லன் வளர்த்த கிளிக்குக்
குரல் கொடுத்தவர் யார்.

"இதெல்லாம் போன்லயே கிடக்குதே"
என்றார் எபினேசர், சில்லறையை அடுக்கியபடி.
கிடக்கிறதுதான்.
மழை பெய்தால் தெருவிலும்தான்
முழங்காலளவு தண்ணீர் கிடக்கிறது.
குடிக்க நாம் கேன் வாங்குவதில்லையா?

ஐந்து படத்திலும்
கோப்பு சுமந்து வந்து மேசையில் வைத்துவிட்டு
வாய் திறக்காமல் போகிற அந்த குமாஸ்தாவுக்குக்
கோமளவல்லி என்று பெயராம்.
திரையில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.
நானூற்று மூன்றாம் பக்கம் கூப்பிட்டது.
அந்த ஒரு வரிக்கே
அரை சிலிண்டர் கழிந்துவிட்டது எனக்கு.

இப்படியெல்லாம் பேசிவிட்டு அன்றிரவே
சோற்றில் கல் கடித்தேன்.
பக்கம் 217. இரண்டாம் பாகம்.
பாரிமுனைத் துரத்தல்:
'சேந்தன் தாவி ஏறும் பேருந்து 29 சி.'

அது எங்கள் டிப்போ வண்டி.
படப்பிடிப்புக்கு விட்ட ஆணை, வாடகை,
ஓடிய தூரம், குடித்த டீசல்,
அத்தனையும் பேரேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.
29 ஏ.

கொளத்தூரில் இருக்கும் ஆசிரியர் வியாகப்பனுக்கு
நாலு பக்கம் எழுதினேன்.
பேரேட்டு நகல் இணைப்பு. பதிவுத் தபால்.
பதில் இல்லை.
இரண்டு வருஷம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது.
விலை ஏறியிருந்தது, அட்டை பளபளத்தது,
பேருந்து 29 ஏ ஆகியிருந்தது.
கீழே பொடி எழுத்தில்:
'திருத்தம் தந்தவர் ஒரு வாசகி, அயனாவரம்.'
பெயர் போடவில்லை. பரவாயில்லை,
கோமளவல்லிக்கு ஐந்து படம் ஆயிற்று.
இரண்டு பிரதி வாங்கினேன்.
ஒன்றை எபினேசர் மேசையில்
அந்தப் பக்கத்தை விரித்தே வைத்தேன்.

போன ஞாயிறு மதியம்
தங்கை மகள் தர்ஷிகா வந்திருந்தாள்.
அவர்கள் வீட்டுப் பழைய டிவியைவிட
எங்கள் வீட்டுப் புதுசு பெரிசு என்று
இரண்டாம் பாகத்தைப் போட்டாள்.
சேந்தன் ஓடுகிறான், தாவுகிறான்,
"பெரிம்மா" என்று நிறுத்தினாள் படத்தை.
பேருந்து நெற்றியில் ஆயுதபூஜை மாலை,
வாடிய சாமந்தி,
அதன் ஓரத்தில் கொழுக்கட்டை மாதிரி
தெளிவாக, வளைவாக,
சி.

திங்கட்கிழமை பேரேட்டை இறக்கித்
தூசி தட்டினேன்.
என் வரிக்குக் கீழே சிவப்பு மையில்
வேறு யாரோ கிறுக்கியது:
'29 ஏ கியர்பாக்ஸ் பழுது.
மாற்று வண்டி அனுப்பப்பட்டது.'
தேதியைப் பார்த்தேன்.
கடைவாய்ப் பல் பிடுங்க
நான் லீவு போட்ட நாள்.

நகலெடுத்தபோது அந்தச் சிவப்பு
ஏன் விழவில்லை என்று கேட்காதீர்கள்.
தாளை நான்தான் மடித்து வைத்தேன்.
ஒரு பக்கத்தில் அடங்க வேண்டுமே என்று.

எபினேசரின் மச்சானுக்கு
இப்போது அந்தப் புத்தகம் வேண்டுமாம்.
"வாங்கலாமாக்கா? காசுக்குத் தகுமா?"
வாங்கலாம். தாராளமாகத் தகும்.
ஆனால் முதல் பதிப்பாகப் பாருங்கள்,
திருவல்லிக்கேணி பழைய கடைகளில் கிடைக்கும்,
அதுதான் சரியானது என்றேன்.
"ரெண்டாவதுல என்னக்கா தப்பு?"

டீ ஆறுகிறது என்று சொல்லி
உள்ளே வந்துவிட்டேன்.

வியாகப்பனுக்கு எழுத உட்கார்ந்து
மூன்று ராத்திரி ஆகிறது.
'ஐயா' வரைக்கும் வந்திருக்கிறேன்.