ரயில்வே ஜல்லி ஏழு

மைன் நதிக்கரையிலிருந்து ஒரு கடிதம்.
அவர்கள் நகராட்சி முத்திரை
எங்களுடையதைவிடச் சுத்தமாக விழுந்திருந்தது.
ஊருக்கு வெளியே யூதர் கல்லறை,
இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள்.
ஒரு காலத்தில் அவற்றைப் பெயர்த்துச் சாலை போட்டார்களாம்.
அப்புறம் சாலையைப் பெயர்த்துக்
கற்களை மீட்டார்களாம்.
மூன்றாம் வரிசையில் ஒரு கல்:
வலப்பாதியில் பெர்த்தா லிண்டாவர், 1934.
இடப்பாதி வழுவழுவென்று வெறுமை.
கணவர் யாகோப் கடலூரில் இறந்ததாகக் கேள்வி.
உறுதி செய்ய இயலுமா?

இறப்புப் பதிவேடு என் பொறுப்பு.
தானே புயலில் நனைந்த நாற்பத்திரண்டாம் வருஷம்
நமத்த அப்பளமாய் ஒட்டிக் கிடந்தது.
ஸ்கேலை நுழைத்துப் பிரித்தேன்.
லிண்டவார் துரை. வயது ஐம்பத்தொன்று.
கடலை எண்ணெய் ஆலை மெக்கானிக். விஷ ஜுரம்.
மதம் என்ற கட்டத்தில் ஜெர்மன்.
அதை அடித்துக் கிறிஸ்தவர்.
அதையும் அடித்து
ஒரு கோடு.
கோடு போட்டவர் பேனாவை அழுத்தியிருக்கிறார்,
தாளின் பின்புறம் தடவினால் தெரிகிறது.

அங்கே யூதன் என்று துரத்தப்பட்டு வந்தவரை
இங்கே ஜெர்மானியன் என்று
ஒன்பது மாதம் காவலில் வைத்தார்கள்.
ஆலை முதலாளி ஜாமீன் கட்டினார்,
இன்ஜின் நின்றுபோயிருந்தது.

மதிலுக்குள் இடமில்லை என்றார் பாதிரியார்.
மதிலுக்கு வெளியே புறம்போக்கு.

அதே கட்டில் போலீஸ் தாள் ஒன்று:
ஆலைக் கூலிகள் அஞ்சலையம்மாள்,
தெய்வசிகாமணி, காதர் மொய்தீன்.
துறைமுக ஜங்ஷன் தண்டவாளத்தில்
ஜல்லி ஏழு களவு.
"பூ வேணாம், கல்லு வைங்கன்னு
சொல்லிட்டுச் செத்தாருங்க.
இந்த மணலூருல
கல்லுக்கு நாங்க எங்க போறது?"
அபராதம், தலைக்கு நாலணா.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
சிப்காட் நாற்றம் காற்றில் ஏறி வரும் மத்தியானம்.
மதில் இருந்தது.
வெளியே சம்மனசின் பிராய்லர் கடை.
கூண்டுகளை நகர்த்தினார்.
முழங்கால் உயரச் சிமெண்ட் மேடை,
எழுத்து இல்லை, கோழி எச்சம்.
தலைமாட்டில் பதிந்துபோய் ஒரு ஜல்லி.
இன்னொன்று
தராசு ஆடாமலிருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தது.
"இதா மேடம்? எங்கப்பா காலத்துலேர்ந்து கெடக்கு."
மற்ற ஐந்து? சுனாமியைச் சொன்னார்,
ரோடு போட்டவர்களைச் சொன்னார்,
பிறகு கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

பதில் எழுதினேன்.
மேற்படி நபர் மேற்படி ஊரில்
மேற்படி தேதியில் இறந்தது உண்மை.
கமிஷனர் பச்சை மையில் திருத்தினார்:
ஜல்லி விவரம் தேவையில்லை.
நீக்கினேன்.

தராசுக்கு மருந்து அட்டையை
நாலாய் மடித்துக் கொடுத்தேன்.
சம்மனசு எடைபோட்டுப் பார்த்து, சரி என்றார்.

தபாலாபீசில் எண்ணூற்றுச் சொச்சம் கேட்டார்கள்.
உள்ளே என்ன?
கல்.
என்ன கல்லும்மா, ராசிக்கல்லா?
இல்லை, ரயில்வே.