ஆமை விளக்கு

வாரண்டி எட்டு வருடம். முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஞாயிறன்று பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
மீட்டருக்குள் எழுந்தது
ஒரு மஞ்சள் ஆமை.

பின் சீட்டில்
மகளின் துவைத்த சீருடை, விடுதிக்கு.
தட்டுவடை தனி, சட்னி தனி, நமுத்துவிடாமல்.
முன்னால் இன்னும் ஆறு வளைவுகள்.
பின்னால் ஹாரனிலிருந்து கையெடுக்காத ஏற்காடு பஸ்.
மிதித்தேன். ஆமை ஆமையாகவே போயிற்று.

பைபாஸ் சர்வீஸ் சென்டரில் ஏசி, காகிதக் கோப்பையில் காபி.
நவநீதன் என்றது சட்டைப் பட்டை. நல்ல பையன்தான்.
"பேட்டரியையே மாத்தணும் மேடம்.
நாலு லட்சத்து எண்பதாயிரம். வரி தனி."
உள்ளே என்ன கெட்டது என்றேன்.
"பேட்டரியையே மாத்தணும் மேடம்.
போன வாரம் வந்திருந்தா…"
மீதியை அவர் காபி மெஷினிடம் விட்டுவிட்டார்.

நான் ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவள்.
மூட்டைக் கணக்கு முப்பது ரூபாய் உதைத்தால்
மில்லை விற்று வேறு மில் வாங்கலாம் என்று
எந்த முதலாளியும் இதுவரை சொன்னதில்லை.
உட்கார்ந்து தேடு என்பார்கள்.

தேட வந்தாள் முபீனா,
ஆஸ்பத்திரி யூபிஎஸ்களைக் கவனிக்கிறவள்,
குகையிலிருந்து மின்னாம்பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி.
ஆயிரம் வோல்ட் கையுறையை பலூன்போல் ஊதி
காதருகே பிடித்துக் கேட்டாள். ஓட்டை இல்லை.
"வளையல், மோதிரம் கழட்டு."
கழற்றினேன்.
"அதையும்."
தாலிக்கொடியை ஃபியூஸ் பெட்டி மேல் வைத்தேன்.
கழுத்து இவ்வளவு லேசாக இருக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆரஞ்சு பிளக்கை உருவினாள்.
"பத்து நிமிஷம் தொடாதே.
வேலை போனது தெரியாம
கரண்ட் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கும்."
பத்து நிமிடம். களத்தில் மாவு காய்ந்தது,
அந்தப் புளித்த வாடை,
ஒரு நாய் வந்து சக்கரத்தை மோந்துவிட்டுப் போனது.

மூட்டை தூக்குகிற நாலு பேர் இறக்கிவைத்தார்கள்.
கட்டில் அகலம் இருந்தது பேட்டரி.
திறக்கக் கூடாது என்ற ஸ்டிக்கரை பிளேடால் கீறினேன்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூற்றாறு செல்.
ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள்,
நெஞ்சுக்குக் குறுக்கே கரண்டுக்குப் பாதை விடக் கூடாதாம்.
அவள் சொல்ல, நான் லெட்ஜரில் எழுதினேன்.
மூணு எண்பத்தொண்ணு. மூணு எண்பத்தொண்ணு. மூணு எண்பது.
வண்டியின் கம்ப்யூட்டர் குற்றம் சாட்டியது அறுபத்தேழாவதை:
ரெண்டு தொண்ணூறு, செத்துக்கொண்டிருக்கிறது என்று.
முள்ளை வைத்தாள்.
மூணு எண்பத்தொண்ணு.
இன்னொரு தடவை வை என்றேன்.
மூணு எண்பத்தொண்ணு.

பாஸ்புக் ஒன்று சொல்ல, லெட்ஜர் வேறொன்று சொன்னால்
பணம் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.
இது எனக்குத் தெரிந்த விஷயம்.
"செல் நல்லாத்தான் இருக்கு" என்றாள் முபீனா.
"அதைப் பத்திச் சொல்ற ஒயர்தான் பொய் சொல்லுது."

நூல் பருமன். நுனியில் பச்சைக் களிம்பு.
எட்டு மழைக்காலத்து ஏற்காட்டுப் பனிமூட்டம்
ஒரு ரப்பர் விளிம்பின் வழியாக உள்ளே போய்
அங்கே மட்டும் தங்கியிருக்கிறது.

ஒயர், ஈயம், மூடி ஒட்டுகிற பசை,
ஆறு பேருக்குப் பிரியாணி:
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
மிச்சமான நாலு லட்சத்துச் சொச்சத்தை
எந்தப் பக்கம் எழுதுவது? என்னிடம் இருந்ததே இல்லையே அது.

அடுத்த ஞாயிறு பதினான்காம் வளைவு
வளைவாக மட்டும் இருந்தது.
விடுதி வாசலில் மகள் டப்பாவை வாங்கிக்கொண்டு
என் கழுத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.
ஒரு வாரமாக அது ஃபியூஸ் பெட்டி மேல் இருக்கிறது,
மாவு படிந்து.

இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் போதும்,
மலை திருப்பிக் கொடுக்கும்.
மேலே நாற்பத்தொன்று, அடிவாரத்தில் நாற்பத்தேழு.
செக்போஸ்ட்டில் ஒரு லாரிக்காக நின்றேன்.
ஆமை வரவில்லை. வரட்டும்,
முதலில் ஒயரை விசாரிப்பேன்.